தகட்டின் மடிப்புக்குள்

 

“ஹஜ்ரத், வேனுக்குள்ள இருந்து ரோடு தெரியுதுங்க” என்று ஒரு சிறுமி என்னிடம் சொன்னாள். அஸர் தொழுகை முடிந்து, மாலை வகுப்புக்குப் பிள்ளைகள் வந்து இறங்கிக்கொண்டிருந்த நேரம் அது. சன்னல் வழியே சாலை தெரிவதைத்தான் குழந்தை வியந்து சொல்கிறது என்று எண்ணி, சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன். மறுநாளும் அவள் அதையே சொன்னாள். இம்முறை என்னை விடவில்லை. வேனுக்குள் ஏறி, இருக்கையின் அடியில் விரித்திருந்த ரப்பர் விரிப்பின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். பழைய எட்டணா நாணயம் அளவில் தரைத்தகட்டில் ஓட்டை விழுந்திருந்தது. அதன் வழியாக மதரஸா முற்றத்துச் செம்மண் தெரிந்தது.

இந்த மாதம் அந்த ஓட்டையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். குடும்பப் பத்திரிகையில் வண்டிப் பழுது எதற்கு என்று சகோதரிகள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நம் பிள்ளைகள் நாள்தோறும் ஏறிச் செல்வது இத்தகைய வண்டிகளில்தான். விரிப்பைத் தூக்கிப் பார்ப்பதற்கு மெக்கானிக் தேவையில்லை என்பதை ஓர் ஏழு வயதுச் சிறுமி எனக்குக் காட்டிவிட்டாள்.

எங்கள் மதரஸாவின் வேன் மாருதி ஆம்னி வகையைச் சேர்ந்தது. 1984-ஆம் ஆண்டில் ‘மாருதி வேன்’ என்ற பெயரில் சந்தைக்கு வந்து, பின்னர் ஆம்னி எனப் பெயர் மாறி, 2019-ஆம் ஆண்டில் உற்பத்தி நிறுத்தப்பட்ட வண்டி அது. திருப்பூர்க்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுத் துணி உருளைகளை அடுக்கிக்கொண்டு, நிட்டிங் ஆலையிலிருந்து சாயப்பட்டறைக்கும், சாயப்பட்டறையிலிருந்து பனியன் கம்பெனிக்கும் அது ஓடாத தெரு இவ்வூரில் இல்லை. எங்களிடம் இருப்பது 2009-ஆம் ஆண்டில் பதிவான வண்டி. 2018-ஆம் ஆண்டில், ஒரு சலவைப் பட்டறையில் ஓடிக்கொண்டிருந்ததை, இடைத்தரகர் ஒருவர் மூலம் வாங்கினோம். அன்று அது புதுமணப் பெண்ணைப் போலப் பளபளத்தது. ஒன்பது வயது வண்டிக்கு இத்தனை புத்தம் புதிய வண்ணம் ஏன் என்று கேட்கும் அறிவு அப்போது எங்களில் எவருக்கும் இருக்கவில்லை. விலையில் இரண்டாயிரம் குறைத்துப் பேசியதையே பெரிய வெற்றி என்று கருதி வீடு திரும்பினோம்.

சொந்த உபயோக வண்டிகளுக்குப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன்பின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டி, வண்டி ஓடத் தகுதியுள்ளது என்று ஆய்வாளர் ஒப்பினால் ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பித்துத் தருவார்கள். எங்கள் வேனுக்கு அந்தக் கெடு 2024-ஆம் ஆண்டில் வந்தது. சிறுமி விரிப்பைத் தூக்கியது கெடுவுக்கு ஐந்து வாரங்கள் இருக்கையில்.

முதலில் ஒரு டிங்கரிங் பட்டறைக்குப் போனோம். அங்கிருந்தவர் சுற்றிவந்து பார்த்து, நான்கு நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னார். ஓட்டைக்கு மேல் ஒரு தகடு, ஓரங்களில் பட்டி, அதன்மேல் வண்ணம், அடிப்பக்கம் முழுவதும் தார் போன்ற கறுப்புப் பூச்சு. மொத்தம் 9,000 ரூபாய். “எஃப்.சி.க்கு இது போதும் பாய்” என்றார். இரண்டாவதாகப் போனது காங்கேயம் சாலைப் பக்கத்தில் ஒரு வயதான மேஸ்திரியிடம். அவர் வண்டியைப் பார்க்கவே இல்லை, கேட்டார். கையிலிருந்த திருப்புளியின் கைப்பிடியால் சறுக்குக் கதவின் அடிப்பகுதியைத் தட்டிக்கொண்டே வந்தார். ‘டிங், டிங்’ என்று வந்த ஓசை ஓரிடத்தில் ‘தப்’ என்று மாறியது. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத் துண்டை எடுத்து அங்கே வைத்தார். அது ஒட்டாமல் கீழே விழுந்தது. “இங்க இரும்பு இல்லீங்க ஹஜ்ரத். பட்டிதான் இருக்குது” என்றார். எங்கள் பளபளப்பின் உட்பொருள் ஆறு ஆண்டுகளுக்குப் பின் விளங்கிற்று.

எல்லாவற்றையும் பிரித்து, அரித்த தகட்டை அறுத்தெடுத்து, புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க மூன்று வாரங்களும் 31,000 ரூபாயும் ஆகும் என்று அவர் கணக்குச் சொன்னார். பிரித்த பின்புதான் முழு உண்மை தெரியும், தொகை கூடலாம், குறைய வாய்ப்பில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

இத்தொகையை எடுத்துக்கொண்டு நிர்வாகக் குழுவின் முன் சென்றேன். எங்கள் பொருளாளர் நல்ல மனிதர். மதரஸாவின் காசு ஒன்றையும் வீணாக்காதவர். அவர் சொன்ன யோசனையை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். ஏனெனில் அது கெட்ட எண்ணத்தில் பிறந்ததன்று. ஒன்பதாயிரத்தில் வண்ணம் பூசிப் பதிவைப் புதுப்பித்துக்கொள்வோம். புதுப்பித்த கையோடு விற்றுவிடுவோம். கிடைக்கும் தொகையோடு கொஞ்சம் சேர்த்து நல்ல வண்டி வாங்குவோம். இது தனி மனிதரின் சொத்தன்று, நன்கொடையால் வந்த அமானிதம், அதன் மதிப்பைக் குறையவிட நமக்கு உரிமை உண்டா என்று அவர் கேட்டார். கேள்வி வலுவானது. குழுவில் பலர் தலையசைத்தார்கள்.

எனக்கு அப்போது நினைவில் வந்தது தானியக் குவியலைப் பற்றிய நபிமொழி. கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதனுள் கையை நுழைத்தார்கள். மேலே உலர்ந்திருந்த குவியலின் உள்ளே விரல்களுக்கு ஈரம் தட்டுப்பட்டது. விற்பவர் மழையின்மீது பழி போட்டார். மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட நாயகம் (ஸல்) அவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று அறிவித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியிருக்கிறது. எத்தனையோ ஜும்ஆக்களில் இதைச் சொல்லியிருக்கிறேன். மழை நனைத்தது அந்த மனிதரின் குற்றமில்லை. நனைந்ததைக் கீழே வைத்ததே குற்றம் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வேனுக்குத் துரு பிடித்ததும் எங்கள் குற்றமில்லை.

குழுவிலிருந்த மற்றோர் ஆலிம் நியாயமான ஓர் ஐயத்தை எழுப்பினார். ‘எந்தக் குறைக்கும் நான் பொறுப்பில்லை’ என்று சொல்லி விற்பதற்கு ஹனஃபி ஃபிக்ஹு நூல்களில் இடம் இருக்கிறதே, அப்படிச் சொல்லி விற்றால் என்ன என்றார். இடம் இருக்கிறது என்பது உண்மையே. ஆயினும் ஓட்டையின்மேல் பட்டியை அப்பிவிட்டு அந்தச் சொல்லைச் சொல்வது எப்படிப் பொருந்தும்? வாய் ‘பொறுப்பில்லை’ என்கிறது. வண்ணமோ ‘குறையே இல்லை’ என்று வாங்குபவரின் கண்ணிடம் கூறிக்கொண்டிருக்கிறது. இவ்விரண்டில் எதை அவர் நம்புவார் என்பது நமக்கே தெரியும். ஆறு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் எதை நம்பினோம்?

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரில் துணி வணிகம் செய்தவர்கள் என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். திருப்பூரில் பிறந்த நாம் மறக்கலாகாத செய்தி அது. குறையுள்ள ஒரு துணியைத் தம் கூட்டாளியிடம் கொடுத்து, குறையைச் சொல்லி விற்கும்படி கூறியிருந்தார்கள். கூட்டாளி சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாம் அவர்கள் அந்த விற்பனைத் தொகையைத் தருமம் செய்துவிட்டார்கள் என்று அவர்களின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகிறார்கள். நம் ஊர்க் காதர்பேட்டையில் ‘செகண்ட்ஸ்’ என்று ஒரு சொல் இருக்கிறது. ஊசி விட்டுப்போன பனியனை, சாயம் திட்டாக ஏறிய பனியனை, செகண்ட்ஸ் என்று பெயரிட்டுத் தனியே அடுக்கி, அந்த விலைக்கே விற்கிறார்கள். வாங்குபவரும் தெரிந்தே வாங்குகிறார். வழக்குமில்லை, வருத்தமுமில்லை. நல்ல சொல் அது. வேனை விற்பதாயின் செகண்ட்ஸ் என்று சொல்லித்தான் விற்க வேண்டும் என்றேன். பொருளாளர் சிரித்தார், ஆனால் ஒப்பவில்லை.

அவரை ஒப்பவைத்தது என் வாதமன்று. வேறொருவர் நினைவூட்டிய நிகழ்ச்சி. 2012-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள், சென்னைக்கு அருகே தாம்பரம் பகுதியில், பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சாலையில் விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி உயிரிழந்தாள். தமிழ்நாடே அதிர்ந்தது. சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அவ்வாண்டிலேயே பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகளைத் தமிழக அரசு வகுத்தது. இன்று ஆண்டுதோறும் பள்ளி திறக்குமுன் பள்ளிப் பேருந்துகளை வரிசையாக நிறுத்தி, அதிகாரிகள் ஏறித் தரையைப் பார்ப்பதற்கு அந்தக் குழந்தை காரணம். இதைக் கேட்டபின் பொருளாளர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “பிரிக்கச் சொல்லுங்க” என்றார்.

வேனைப் பிரித்த நாளில் நான் அங்கிருந்தேன். வண்டியின் உடல் ஒரே தகடு என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனமுள்ள பல தகடுகளை, ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, சில அங்குலங்களுக்கு ஒன்றாகப் புள்ளிப் புள்ளியாகப் பற்றவைத்து அதை உருவாக்குகிறார்கள். ‘ஸ்பாட் வெல்டிங்’ என்பது அதுதான். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையில் இரு தகடுகளும் ஒட்டிக்கொண்டிருப்பது போலத் தோன்றும், ஒட்டியிருப்பதில்லை. காகிதம் நுழையாத அந்த இடுக்கில் நீர் நுழையும். திரி எண்ணெயை உறிஞ்சுவது போல இடுக்கு நீரை உறிஞ்சிக்கொள்ளும். வெளியே வெயில் காய்ந்தாலும் உள்ளே ஈரம் காய்வதில்லை. பனியனில் முதலில் பிரிவது தையல்தான் என்பது செக்கிங் பிரிவில் வேலை செய்யும் நம் பெண்களுக்குத் தெரியும். ஆகையால்தான் அவர்கள் துணியை உட்புறம் திருப்பிப் பார்க்கிறார்கள். வண்டியின் தையலும் அத்தகையதே. எந்த நிறுவனம் செய்த வண்டியாயினும் துரு முதலில் குடியேறும் இடம் இந்த மடிப்பு: சறுக்குக் கதவின் அடிவிளிம்பு, சக்கரத்தின் மேல்வளைவு, முன்கண்ணாடியின் கீழ்ச்சட்டம், கூரை ஓரத்து மழைநீர் வாய்க்கால்.

அங்கே நிகழ்வது வியப்புக்குரியது. மடிப்பின் வாயிலில் காற்று உண்டு. ஆழத்தில் காற்று மிகக் குறைவு. இரண்டையும் இணைத்து நிற்பது ஒரே நீர்த்துளி. இந்த வேறுபாடே அதை ஒரு சிறு மின்கலம் போல ஆக்கிவிடுகிறது. காற்றுக் குறைந்த உட்பகுதியில் இரும்பு கரைகிறது. அதாவது வெளிக்காற்றில் கிடக்கும் இரும்பைவிட, மூடி மறைக்கப்பட்ட இரும்பே விரைந்து அழிகிறது. அரித்த இரும்பைவிடத் துருவுக்குப் பருமன் பன்மடங்கு அதிகம். எனவே அது பெருகி, இரு தகடுகளையும் நெம்பிப் பிரிக்கிறது. அதன்பின்தான் வண்ணம் கொப்புளிக்கும். கொப்புளம் நம் கண்ணில் படும் நாள், நோயின் முதல் நாள் அன்று. பல ஆண்டு முதிர்ந்த நாள்.

ஆனால் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இரும்பு அரிப்பதற்குக் கடற்காற்று இருக்கிறது. கடலே இல்லாத, மழையும் குறைவான திருப்பூரில் இவ்வளவு துரு எங்கிருந்து வந்தது? மேஸ்திரி அறுத்தெடுத்த தகட்டில் துருவோடு வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. “நாக்குல வச்சுப் பாருங்க” என்றார். நான் வைக்கவில்லை. அது உப்பு.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. பருத்தித் துணிக்கு நிறமேற்றும் சாயநீரில், அடர்ந்த நிறங்களுக்கு, லிட்டருக்கு 80 கிராம் வரைகூட உப்புப் போடுவார்கள். பருத்தி இழையும் சாயமும் தண்ணீரில் ஒன்றையொன்று விலக்கும் இயல்புடையவை. அந்த விலக்கத்தைக் குறைத்துச் சாயத்தை இழையின் பக்கம் செலுத்துவது உப்பின் வேலை. அலசிப் பிழிந்த பிறகும் துணியில் கொஞ்சம் தங்கும். சலவைப் பட்டறையிலோ வெளுப்பதற்குக் குளோரின் சேர்ந்த பொருள்கள். இரும்புக்கு அவை உப்பினும் கொடிய பகை. எங்கள் வேன் எத்தனை ஆண்டுகள் ஈரத் துணியைச் சுமந்ததோ! சுமை சொட்டிய நீரெல்லாம் தரையில் வழிந்து, விளிம்பு மடிப்புக்குள் இறங்கியிருக்கிறது.

பழியை முழுவதும் பட்டறைமேல் போட்டுவிட்டு நான் தப்ப முடியவில்லை. வண்டியை எதில் கழுவுகிறீர்கள் என்று மேஸ்திரி கேட்டார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையிலும் மாணவர்கள் ஆழ்குழாய்க் கிணற்று நீரால் அலசுவார்கள் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். நொய்யலில் பல ஆண்டுகள் சாயக்கழிவு ஓடியதும், பாசனத்துக்கென்று 1992-ஆம் ஆண்டில் முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாய்ப் போனதும், 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் யாவரும் அறிந்தவை. அதன்பின் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறினால்தான் பட்டறை நடத்தலாம் என்றாயிற்று. ஆயினும் மண்ணுக்குள் போன உப்பு அப்படியே போய்விடவில்லை. நம் பகுதியின் பல கிணறுகளில் இன்றும் உவர்நீர்தான். பவானி ஆற்றுக் குடிநீரை ‘நல்ல தண்ணீர்’ என்றும், குழாய்க்கிணற்று நீரை ‘உப்புத் தண்ணீர்’ என்றும் வீட்டில் நாம் பிரித்துச் சொல்கிறோம். வாய்க்கு வேண்டாத அந்த நீரை வாரந்தோறும் வேனின் மடிப்புகளுக்கு நாங்களே ஊட்டியிருக்கிறோம்.

சுத்தம் என்று எண்ணிச் செய்தது இது. பழகிவிட்டால் கண்ணில் படாமல் போகிறது. இதற்கு என்னிடமே இன்னோர் எடுத்துக்காட்டு உண்டு. திருமறையின் 83-ஆம் அத்தியாயத்தை இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்துவருகிறேன். அளவையிலும் நிறுவையிலும் குறைப்பவர்களைக் கண்டித்துத் தொடங்கும் அத்தியாயம் அது. பெயரே அவர்களைக் குறிப்பதுதான். அதன் 14-ஆம் வசனத்தில் உள்ளங்களின்மேல் படிந்துவிடுவதைச் சொல்லும் ‘ரான’ என்னும் வினைச்சொல் வருகிறது. துருவைப் போலப் படிந்து மூடுவது என்று விரிவுரையாளர்கள் அதை விளக்குகிறார்கள். கடைத்தெருவில் தொடங்கிய பேச்சு துருவுக்கு வந்து சேர்கிறது. இந்த இணைப்பை நான் கண்டது டிங்கரிங் பட்டறையில் கவிழ்த்துவைத்த டின்னின்மேல் உட்கார்ந்திருந்தபோது.

இனி, பழுது பார்த்த முறையைச் சொல்கிறேன். வீட்டில் பழைய வேன் வைத்திருப்பவர்கள் பட்டறைக்குப் போகும்போது எதைக் கேட்க வேண்டும் என்பதற்கு இது உதவும்.

முதல் வேலையாக பேட்டரி ஒயரைக் கழற்றினார். பெட்ரோல் தொட்டியை இறக்கி அப்புறப்படுத்தினார். எரிவாயு சிலிண்டர் பொருத்திய வண்டியாயின் அதையும் இறக்காமல் பற்றவைக்க விடாதீர்கள். அவசரத்தில் இதைச் செய்யாமல் வண்டியையே எரித்த பட்டறைகள் உண்டு. பின்னர் கிரைண்டரால் அரித்த பகுதியை அறுத்தார். எதுவரை? வெள்ளி போல் மின்னும் இரும்பு வரும்வரை. எட்டணா ஓட்டை இருந்த இடத்தில் ஒரு முழ நீளத்துக்குத் தகடு போயிற்று. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. முதல் பட்டறைக்காரர் சொன்னபடி ஓட்டைக்கு மேலேயே ஒரு தகட்டை வைத்து மூடினால் என்ன ஆகும் என்று கேட்டேன். பழைய மடிப்பின்மேல் புதிய மடிப்பு ஒன்று உண்டாகும். அரிக்கும் தகட்டுக்கும் புதுத் தகட்டுக்கும் இடையில் மறுபடி ஓர் இடுக்கு. ஓராண்டில் இரண்டும் போகும் என்றார். தார்ப்பூச்சும் அப்படித்தான். துருவைச் சுரண்டாமல் அதன்மேல் பூசினால் ஈரத்தை உள்ளே அடைத்துவைக்கும் மூடியாகிவிடும்.

அறுக்க முடியாத இடங்களில் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்தார்கள். பெயர் உப்புத்தாளாயினும் அது உப்பை எடுக்காது. கண்ணுக்குத் தெரியாத குழிகளுக்குள் உப்பு தங்கியே இருக்கும். நல்ல தண்ணீரால் பலமுறை கழுவினால்தான் போகும். மேஸ்திரி தம் வீட்டிலிருந்து குடிநீரைக் குடம் குடமாகக் கொண்டுவரச் செய்தார். கழுவி, வெயிலில் உலர்த்தி, துருவை மாற்றும் பாஸ்பாரிக் அமிலக் கரைசலைத் தடவினார். துடைத்தெடுக்க ஒரு மூட்டை பனியன் வேஸ்ட். நாடெங்கும் பட்டறைகளில் எண்ணெய்க் கையைத் துடைப்பது நம் ஊர்க் கட்டிங் மேசையில் விழுந்த துண்டுகள்தான் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு சிறு பெருமை உண்டு.

புதுத் தகட்டைப் பற்றவைக்கும்முன், ஒன்றன்மேல் ஒன்று படியும் இரு முகங்களிலும் துத்தநாகம் கலந்த பிரைமர் பூச வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். பற்றவைத்த பிறகு அந்த இடத்துக்குத் தூரிகை போகாது. கேஸ் வெல்டிங் வேண்டாம் என்றும், சி.ஓ.டூ வெல்டிங்தான் ஏற்றது என்றும் அவர் சொன்னார். கேஸ் தீயின் சூடு மெல்லிய தகட்டை நெளித்துவிடும். பின்புறத்து வண்ணத்தையும் எரித்து, புதுத் துருவுக்கு இடம் தயாரித்துக் கொடுத்துவிடும். பற்றவைத்தபின் எபாக்சி பிரைமர், மடிப்பின் வாயை அடைக்கும் சீலண்ட், அதன்மேல் வண்ணம். வெறும் ரெட் ஆக்சைடு அடித்துவிட்டு மாதக்கணக்கில் வண்டியை ஓட்டுகிறோமே, அது போதாது. மேல்வண்ணம் இல்லாத ரெட் ஆக்சைடு நுண்துளை நிறைந்தது, நீரைத் தடுக்காது.

கடைசியாக, விளிம்புக் குழலின் உள்ளே நீண்ட குழாய் வழியாக மெழுகு கலந்த எண்ணெயைப் பீய்ச்சினார். விளிம்பின் அடியில் சிறு துளைகள் இருப்பதைக் காட்டினார். உள்ளே புகும் நீர் வடிவதற்காக ஆலையிலேயே இடப்பட்ட துளைகள் அவை. எங்கள் வண்டியில் அவற்றில் ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. முன்பு பட்டி போட்டவர் எல்லாவற்றையும் சேர்த்து அடைத்துவிட்டிருந்தார். நீர் போவதற்கு வழியில்லாத வீட்டில் என்ன நடக்குமோ அதுதான் நடந்திருக்கிறது.

இதைக் கேட்கும்போது தில்லி இரும்புத் தூண் நினைவுக்கு வரலாம். குவ்வத்துல் இஸ்லாம் பள்ளிவாசலின் முற்றத்தில் நிற்கும் அத்தூணுக்கு ஏறத்தாழ 1,600 வயது. கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியராயிருந்த ஆர். பாலசுப்பிரமணியம் அதை ஆராய்ந்து, அதன் இரும்பில் உள்ள மிகுதியான பாஸ்பரஸ் மேலே மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கிக்கொண்டது என்று விளக்கினார். அந்தத் தூணில் மடித்த தகடு இல்லை, தேங்கும் நீர் இல்லை, சொட்டும் சாயத்துணியும் இல்லை. வேனைத் தூணாக்க நம்மால் இயலாது. மடிப்பை உலர்வாக வைத்துக்கொள்ள இயலும்.

மொத்தச் செலவு 38,400 ரூபாய் ஆயிற்று. மூன்று வாரம் என்றது நான்கு வாரமாயிற்று. அதுவரை ஆறு சிறுமிகளையும் அவர்களின் வீட்டார் முறை வைத்துக்கொண்டு இருசக்கர வண்டிகளில் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டு பேர் வரவே இல்லை. பதிவு புதுப்பிக்கும் நாளில் ஆய்வாளர் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். அறுத்த தகட்டுத் துண்டுகளை ஒரு சாக்கில் போட்டு ஜமாஅத்தார் முன் வைத்துத்தான் பொருளாளர் கணக்குக் காட்டினார். பணம் போனதில் அவருக்கு இன்னும் வருத்தம் உண்டு. அந்தப் பணத்துக்கு ஆறு மாத அரிசி வந்திருக்கும் என்று அன்றும் சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை.

எங்களுக்கு வண்டியை விற்றவரை நான் தேடிப்போய்ப் பார்த்தேன். குறையை அறியாமல் வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை ஷரீஅத்தில் உண்டாயினும், ஆறு ஆண்டுகள் ஓட்டி, பிரித்து மாற்றியும் விட்ட பிறகு அதைக் கேட்க நான் போகவில்லை. தகட்டுத் துண்டு ஒன்றை மட்டும் எடுத்துப் போனேன். அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நானும் இப்படித்தாங்க வாங்கினேன்” என்றார்.

இப்போது வெள்ளிக்கிழமை அலசலுக்குக் கடைசி இரண்டு வாளி நல்ல தண்ணீர். மாதத்தின் முதல் ஞாயிறன்று விரிப்புகளைக் கழற்றி வெயிலில் போடுகிறோம். ஈர்க்குச்சியால் வடிதுளைகளைக் குத்திப் பார்க்கிறோம். ஐப்பசி மழைக்குப்பின் ஒருமுறை மேஸ்திரி வந்து தட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. ஓட்டையைக் கண்டுபிடித்த சிறுமி இன்றும் விரிப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறாள். கூரை ஓரத்து வாய்க்காலில் மூன்று இடங்களில் வண்ணம் கொப்புளித்திருக்கிறது. கையில் பணம் சேரவில்லை. அதை ரமலானுக்குப் பிறகு பிரிப்பதாகப் பேசியிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.